24 விநாடி வந்த கதை

கூடைப்பந்து ஆட்டம் 19–18 என்று முடிந்தால் நம்புவீர்களா? 1950 நவம்பர் 22ஆம் தேதி அமெரிக்காவின் என்பிஏ ஆட்டமொன்று அப்படித்தான் முடிந்தது. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் குழுவில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். உயரம் 6 அடி 10 அங்குலம். பந்து அவர் கைக்குப் போனால் ஆபத்து என்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர்கள் கூடைக்கு எறியாமல் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். விதியில் அதற்குத் தடை இல்லை. கடைசிக் கால்பகுதியில் இரு குழுவும் சேர்ந்து எடுத்தது 4 புள்ளி! காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தீர்வு சொன்னவர் சிராகியூஸ் நேஷனல்ஸ் குழுவின் உரிமையாளர் டேனி பியசோன். பௌலிங் கூடம் நடத்தியவர். விறுவிறுப்பான ஆட்டங்களில் இரு குழுவும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிவதைக் கவனித்தார். 48 நிமிடத்துக்கு 2,880 விநாடி. 120ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான் கணக்கு.

1954இல் விதி வந்தது: பந்து கிடைத்த 24 விநாடிக்குள் எறிய வேண்டும். ஒரு குழுவின் சராசரிப் புள்ளி 79இலிருந்து 93க்கு ஏறியது.

அந்தப் பருவத்தின் இறுதிச்சுற்றில் மோதியது யார் தெரியுமா? பியசோனின் குழுவும் அதே பிஸ்டன்சும்தான். ஏழாவது ஆட்டத்தில் 17 புள்ளிவரை முந்தியிருந்த பிஸ்டன்ஸ், இம்முறை பந்தைப் பதுக்க வழியில்லாமல் 92–91 என்று தோற்றது.