வரவேற்பறையில் ஒரு முருகைக் கடல்: ஆசைப்படுமுன் அறிந்துகொள்ள வேண்டியவை

வீட்டு விறாந்தைகளிலும் வரவேற்பறைகளிலும் கண்ணாடி மீன்தொட்டிகள் இடம்பிடித்து நெடுநாளாகிவிட்டது. தங்கமீனையும் கப்பியையும் பார்த்துப் பழகிய பிள்ளைகள், 2003 ஆம் ஆண்டில் 'பைண்டிங் நீமோ' திரைப்படம் வந்த பின்னர் செம்மஞ்சளும் வெள்ளையுமான கோமாளி மீனைக் கேட்கத் தொடங்கினர். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் வீடுகளில் நீல வெளிச்சத்தின் கீழ் முருகைக்கற்கள் அசையும் தொட்டிகளைக் கண்டவர்கள், "நாங்களும் ஒன்று வைத்தால் என்ன?" என்கிறார்கள். அளவெட்டியில் இருப்பவர்களுக்குக் கீரிமலைக் கடல் சில கிலோமீற்றர் தூரந்தானே!

ஆசை நல்லதே. ஆனால் அது உயிர்களோடும் சட்டத்தோடும் வீட்டுச் செலவோடும் தொடர்புடையது. ஆகவே முதலில் விடயத்தை அறிந்துகொள்வோம்.

கல்லல்ல, உயிர்

முருகைக்கல் என்று நாம் சொல்வது வெறும் கல்லல்ல. குண்டூசித் தலையளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் உள்ள எண்ணற்ற சிறு விலங்குகள் கூட்டாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு கட்டும் வீடுதான் அது. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து விலங்குக்குக் கொடுக்கிறது. விலங்கு பாசிக்கு இருப்பிடம் கொடுக்கிறது. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் மட்டும் கூடி, சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிந்து, முருகைக்கல் வெளிறிவிடும். 1998 ஆம் ஆண்டு ஹிக்கடுவை உட்பட இலங்கையின் பல பாறைகள் இவ்வாறு வெளிறி அழிந்தன. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

குண்டுபோல் திரண்டு வளரும் முருகைக்கல் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளையும் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களையும் பார்த்தவர்கள், அதற்கு எத்தனை நூற்றாண்டுக் கால வளர்ச்சி தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நமது கடலிலும் இந்தச் செல்வம் எஞ்சியிருக்கிறது. குடாநாட்டின் முருகைப் பாறைகள் பற்றி 2021 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, இலங்கையில் முன்னர் பதிவாகாத 36 முருகை இனங்கள் இங்கு இருப்பதை மரபணுப் பரிசோதனை மூலம் உறுதிப்படுத்தியது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல் முருகைகள் இலங்கையில் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து அவற்றைப் பிடுங்குவதும் விற்பதும் குற்றமாகும். நாடுகளுக்கிடையே கொண்டுசெல்வதையும் சைற்றிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. எனவே வெளிநாட்டிலிருந்து வரும் தம்பி பயணப் பெட்டிக்குள் ஒரு துண்டு கொண்டுவருவதும் சரியல்ல. இங்கிருந்து ஞாபகார்த்தமாக ஒன்று கொண்டுபோவதும் சரியல்ல.

அப்படியானால் வெளிநாட்டு வீடுகளில் எப்படி வைத்திருக்கிறார்கள்? அங்கு பண்ணைகளில் தாய் முருகையிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, வாழைக்குட்டி பிரித்து நடுவதுபோல் வளர்த்து விற்கிறார்கள். இந்த இதழைப் படிக்கும் புலம்பெயர்ந்த சகோதரிகள் வாங்குவதானால், கடலில் எடுத்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு, பண்ணையில் வளர்த்ததையே வாங்க வேண்டும்.

தொட்டிக்கு என்னென்ன தேவை?

மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 190 லீற்றர் நீர் பிடிக்கும். தொடங்குபவர்களுக்கு இதைவிடச் சிறியது கடினம். ஏனெனில் சிறிய தொட்டியில் நீரின் தன்மை சட்டென்று மாறிவிடும். நீரின் எடை மட்டுமே 190 கிலோ. எனவே உறுதியான தாங்கி வேண்டும்.

1. உப்பு: ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம். கறியுப்பு ஆகாது, இதற்கென்றே விற்கப்படும் கடலுப்புக் கலவை வேண்டும். கீரிமலைக் கரையோர நீரில் நன்னீர் ஊற்றுகள் கலப்பதால் அதன் உவர்த்தன்மை குறைந்திருக்கலாம். அளந்து பாராமல் அதனை ஊற்றக்கூடாது.

2. வெப்பம்: 24 முதல் 27 பாகை செல்சியஸ். சித்திரை வெயிலில் நமது வீடுகளில் நீரைக் குளிரவைக்கும் கருவியின்றி இது இயலாது.

3. ஒளியும் நீரோட்டமும்: முருகைக்குள் இருக்கும் பாசிக்கு வலுவான ஒளி வேண்டும். அலைபோல் நீரை அசைக்கும் பம்பியும், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியும் வேண்டும்.

4. பொறுமை: நீரும் கல்லும் இட்டவுடன் மீன் விடக்கூடாது. கழிவிலுள்ள அமோனியாவை நஞ்சற்றதாக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று பரிசோதனை காட்டிய பின்னரே முதல் மீன்.

5. வாராந்த வேலை: பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதிலாக உப்பில்லாத சுத்தமான நீரையே ஊற்ற வேண்டும்; உப்பு ஆவியாவதில்லையே!

மீன்களில் கோமாளி மீன், சிறிய டாம்செல் வகைகள், துப்புரவாக்கும் இறால் என்பன முருகையோடு ஒத்து வாழும். வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல முருகையையே தின்பவை. சிங்கமீனின் முட்களில் நஞ்சு உண்டு.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பூப்போன்ற சில மென்மையான இனங்களில் பாலிதொக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கும். தொட்டிக் கல்லை ஒருபோதும் வெந்நீரில் அவிக்கக்கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்திருக்கிறது. கையுறையின்றி, கையில் காயத்தோடு தொட்டிக்குள் கைவிடவும் வேண்டாம்.

நமது கிணற்று நீர்

நாம் குடியிருக்கும் சுண்ணக்கற் பாறையும் ஒரு காலத்தில் கடலடியில் உருவானதே. ஆனால் அதன் கிணற்று நீர் முருகைக்கு உதவாது. வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண்ணில் இடும் உரம், பாறை வெடிப்புகளூடாக நிலத்தடி நீரில் இறங்கி நைத்திரேற்றாகச் சேர்கிறது. முருகைத் தொட்டியில் அது லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. எனவே வடிகட்டிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

இங்கே மீனைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். மீன்தொட்டி வைக்காத வீட்டிலும், கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. பம்பி நின்றால் சில மணித்தியாலங்களில் நீரில் ஒட்சிசன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றேனும் கையிருப்பில் வேண்டும். தொட்டியை ஆசையோடு வாங்குபவர்கள் பிள்ளைகளும் வீட்டுக்காரரும். ஒரு மாதம் கழிந்தபின் வாளி தூக்குபவள் அம்மா. வேலையைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் எல்லோரும் உடன்பட்ட பின்னரே பணத்தைச் செலவிடுங்கள்.

நமக்கேற்ற வழி

கடல்மீன்தான் வேண்டுமென்றால், உயிர் முருகையைத் தவிர்த்து, செயற்கைக் கல்லும் ஓர் இணைக் கோமாளி மீனுமாகத் தொடங்கலாம். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறை மண்டபத்திலும் பறங்கிப்பேட்டையிலும் உள்ள ஆய்வு நிலையங்களில் வெற்றி கண்டது. இலட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கடல் அலங்கார உயிரினங்களை வளர்த்து வருமானம் பெறுகிறார்கள். கடலைக் கொள்ளையடிக்காமலும் கடலழகை ரசிக்கலாம் என்பதற்கு இவை சான்று.

அதைவிட எளிய வழியும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த நமது கிணற்று நீர் கப்பி, மொலி, பிளாற்றி, வாள்வால் மீன்களுக்கு மிகவும் உகந்தது. ஒரு கப்பித் தாய் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். இரண்டு சீமெந்துத் தொட்டிகளோடு வீட்டுத் தோட்டத்தில் தொடங்கக்கூடிய சுயதொழில் இது. நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் ஆலோசனை கேட்கலாம். வளர்த்த மீனைக் குளத்திலோ கேணியிலோ விடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

முருகைக்கல்லைப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு அது ஓர் உயிர் என்பதையும், நமது கரையோரக் கடலிலேயே அது வாழ்கிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். இதை அறிந்து வளரும் பிள்ளை, நாளை கடற்கரையில் நின்று அதனைப் பிடுங்க வருபவரைத் தடுக்கும் பிள்ளையாக இருக்கும்.