அம்மாவும் சேர்ந்து கட்டிய சுவர்

'மதர்' என்ற பாட்டில் பேசுபவர்கள் இரண்டே பேர். பயந்துபோய்க் கேள்வி கேட்கும் மகன் ஒருவன். அவனைத் தேற்றும் தாய் ஒருத்தி. பிரிட்டனின் பிங்க் ஃபிளாய்ட் ராக் இசைக்குழு 1979 நவம்பர் 30 அன்று வெளியிட்ட 'தி வால்' என்ற இரட்டை இசைத்தட்டில் இது ஆறாவது பாட்டு. எழுதியவர் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ். மகனின் கேள்விகளை அவரே பாடினார். தாயின் பதில்களைப் பாடியவர் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர். ஐந்தரை நிமிடம் ஓடும் இந்தப் பாட்டு முதல் தடவை காதில் விழும்போது தாலாட்டு மாதிரிதான் இருக்கும். சொற்கள் பிடிபட்ட பிறகு அந்தத் தாலாட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

'தி வால்' முழுவதும் ஒரே கதை. பிங்க் என்ற ராக் பாடகன் உலகத்துக்கும் தனக்கும் நடுவே மனதுக்குள் ஒரு சுவர் எழுப்புகிறான். போரில் இறந்த தந்தை, வகுப்பில் அவமானப்படுத்திய ஆசிரியர், முறிந்துபோன மணவாழ்க்கை என ஒவ்வொரு காயமும் அதில் ஒரு செங்கல். 'மதர்' பாட்டுக்குச் சற்று முன்புதான் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் குரலெழுப்பும் புகழ்பெற்ற பாட்டு வருகிறது. கொடுமைக்கார ஆசிரியர் போட்ட செங்கல் யார் கண்ணுக்கும் தெரியும். அதை எதிர்த்துக் கோஷம் போடவும் முடியும். அந்த ஆரவாரம் அடங்கியதும் ஒற்றைக் கிட்டாரோடு மெதுவாகத் தொடங்குகிறது 'மதர்'. அன்பால் செய்த செங்கல் இது. இதற்கு எதிராக என்ன கோஷம் போடுவது?

மகனின் கேள்விகள் வரும் வரிசையைப் பார்க்க வேண்டும். முதல் கேள்வி அணுகுண்டைப் பற்றியது. பனிப்போர்க் காலத்துப் பிள்ளைக்கு அது கற்பனைப் பயம் அல்ல. அடுத்ததே தன் பாட்டு மற்றவர்களுக்குப் பிடிக்குமா என்ற கவலை. பிறகு தன்னை நசுக்கப் பார்ப்பார்களா, சுவர் கட்டிக்கொள்ளலாமா, அதிபர் தேர்தலில் நிற்கலாமா, அரசாங்கத்தை நம்பலாமா, போர்முனைக்கு அனுப்பிவிடுவார்களா என்று போய்க்கொண்டே இருக்கிறது. உலகம் அழிவதும் பாட்டு எடுபடாமல் போவதும் அவனுக்கு ஒரே எடைதான். இப்படிக் கேட்பவன் சிறுவனா, வளர்ந்தவனா? அதிபர் பதவியைப் பற்றி யோசிக்கும் வயது வந்த பிறகும் எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் ஓடுகிறான் என்பதுதான் பாட்டு நமக்குத் தரும் முதல் தகவல்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேயும் புலியும் திருடனும் இந்த மகனிடம் இல்லை. அவன் பயங்களில் பெரும்பாலானவை கடைசி வகை, ஆள்பவரால் வரும் பயம். அது கவனிக்கத்தக்கது, ஏனென்றால் அவன் அடைக்கலம் தேடிப் போகும் இடத்திலும் ஓர் ஆட்சிதான் நடக்கிறது.

தாய் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அழாதே கண்ணே என்ற பாணிதான். பிள்ளைக்கு அம்மா இதைச் செய்வாள், அதைச் செய்வாள் என்று வாக்குறுதிகள் அடுக்கும் தாலாட்டு மரபு ஆங்கிலத்திலும் உண்டு. வாட்டர்ஸ் அந்தச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பொருளை மட்டும் மாற்றிவிடுகிறார். கெட்ட கனவை விரட்டுவேன் என்று சொல்லவேண்டிய இடத்தில், அதை நனவாக்குவேன் என்கிறாள். பயத்தைப் போக்குவதற்குப் பதில் தன் பயங்களையெல்லாம் மகனுக்குள் ஏற்றிவைப்பதாகச் சொல்கிறாள். குரலில் மட்டும் கனிவு குறையவே இல்லை.

எந்தத் தாயும் இப்படிப் பேசமாட்டாள். அதனால்தான் இந்த இடத்தில் பல கேட்போர் அவளை அரக்கி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. அந்தக் குரலில் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன. அன்று அவள் உண்மையில் சொன்னது ஆறுதல் வார்த்தையாகவே இருந்திருக்கும். அந்த ஆறுதல் தன்னை என்னவாக ஆக்கியது என்பதை வளர்ந்த மகன் பின்னாளில் கண்டுகொண்டு, விளைவையே நோக்கம்போல அவள் வாயில் வைத்துப் பாடுகிறான். தாயின் தொனியும் மகனின் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தில் ஒலிப்பதால்தான் இனிமையும் திகிலும் சேர்ந்தே வருகின்றன.

பாட்டின் உருவகங்களில் முதலாவது சிறகு. தாய்ப்பறவை குஞ்சைச் சிறகுக்குள் வைத்துக் காப்பது எந்த மொழிக்காரருக்கும் புரியும். அடைகாப்பது, அணைத்துக்கொள்வது என்று தமிழிலும் அதே உணர்வுக்குச் சொற்கள் உண்டு. ஆனால் சிறகின் முதல் வேலை பறப்பது. இந்தத் தாய் மகனைத் தன் சிறகுக்கு அடியிலேயே வைத்துக்கொள்வாள், பறக்க விடமாட்டாள், பாடுவதற்கு வேண்டுமானால் இடம் கொடுக்கலாம். பறக்காமல் பாட மட்டும் செய்யும் பறவை எங்கே இருக்கும்? கூண்டு என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை, கேட்பவர் மனதில் மட்டும் அது வந்து நிற்கிறது. இன்னொன்று: மகன் தொழில்முறைப் பாடகன். ஆயிரக்கணக்கானோர் திரளும் மேடையில் அவன் பெற்ற புகழ் முழுவதும் சிறகுக்கு அடியில் கிடைத்த அந்தச் சின்ன அனுமதிக்குள் அடங்கிவிடுகிறது. பாட்டின் மிகக் கசப்பான கேலி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்த உருவகம் சுவர். வீட்டுச் சுவருக்கும் சிறைச் சுவருக்கும் செங்கல் ஒன்றுதான், யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே வேறுபாடு. சிறகு பிறவியிலேயே வருவது. சுவரை யாராவது கட்ட வேண்டும். அந்தப் பேச்சை முதலில் எடுப்பது யார் என்று பார்த்தால், மகன்தான். கட்டலாமா என்று அவன் கேட்கிறான். கட்டுவதற்கு உதவுகிறேன் என்கிறாள் அவள். தானே கட்டித்தருவதாக அவள் சொல்லவில்லை. பயந்தவன் அடைக்கலம் கேட்டான், பயந்தவள் கொடுத்தாள். கட்டுப்படுத்தும் அன்பை ஒருவர் செய்யும் குற்றமாகவும் மற்றவர் படும் துன்பமாகவும் பிரித்துக் காட்டும் பாடல்கள் ஏராளம். 'மதர்' அப்படிப் பிரிக்காமல், ஒருவர் கல் எடுத்துக் கொடுக்க மற்றவர் அடுக்கும் கூட்டுவேலையாக அதைக் காட்டுகிறது.

இரண்டாவது சுற்றில் ஒரு பெண் வருகிறாள். வருகிறாள் என்பதுகூடச் சரியில்லை; அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். இவள் எனக்கு ஏற்றவளா, இவளால் ஆபத்து வருமா, என் மனதை நொறுக்கிவிடுவாளா என்று அவன் விசாரிக்கிறான். அந்த வரிசையில் ஒரு கேள்வியில் 'நான்' என்ற சொல் நழுவிப்போகிறது. தன்னையே அம்மாவின் சின்னப் பையன் என்று படர்க்கையில் சொல்லிக்கொள்கிறான். தன்னைத் தாயின் கண்ணால் மட்டுமே பார்க்கத் தெரிந்தவனின் பேச்சு அது. தாயின் பதிலோ முழுக்கச் சுகாதாரத்தின் மொழி: அழுக்கானவர்கள் உள்ளே வரக்கூடாது, பிள்ளை ஆரோக்கியமாக, சுத்தமாக இருக்க வேண்டும். பெண்களைச் சோதித்து அனுப்புவதும், அவன் வீடு திரும்பும்வரை விழித்திருப்பதும், எங்கே போய்வந்தான் என்று கண்டுபிடிப்பதும் அந்தச் சுத்தத்தின் பெயரால் நடக்கின்றன. பாசத்தின் பெயரால் நடக்கும் உளவு இது. காதலனோ கணவனோ இதையே செய்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். தாய் செய்யும்போது அதற்கு அக்கறை என்ற பெயர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

சொல் செய்யும் வேலையைத் தாளமும் செய்கிறது. மகன் கேள்வி கேட்கும் பகுதியில் தாளக்கட்டு ஐந்து, ஒன்பது என்று மாறிக்கொண்டே இருக்கும். பேச்சு எங்கே தயங்குகிறதோ அங்கே தாளமும் தயங்கும். குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனுக்கு இந்தத் தாளமாற்றங்கள் பிடிபடவில்லை. அதனால் அமெரிக்காவின் டோட்டோ குழுவைச் சேர்ந்த ஜெஃப் போர்க்காரோதான் பதிவில் டிரம்ஸ் வாசித்தார். தாயின் பகுதி வந்ததும் தடுமாற்றம் நின்று, தொட்டில் ஆடுவதுபோல இசை சீராக அசையத் தொடங்குகிறது. காலடியில் நிலம் கிடைத்த நிம்மதி கேட்பவருக்கும் உண்டாகிறது. சொற்கள் எச்சரிக்கும் அதே நேரத்தில் இசை சாய்ந்துகொள்ளச் சொல்கிறது. முதல் பதிலுக்குப் பிறகு வரும் மின்கிட்டார் தனிவாசிப்பை வாசிப்பவர் கில்மோர், அதாவது தாயின் குரலைப் பாடியவர். அந்தக் கதறல் மகனுடையதா தாயுடையதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பாட்டு தொடும் சிக்கல் மனநலத் துறைக்குப் புதிதல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் லெவி 'தாயின் மிகைப் பாதுகாப்பு' என்ற பொருளில் 1943-லேயே ஒரு நூல் எழுதினார். பிள்ளையைவிட்டு அகலாமல் இருப்பது, வளர்ந்த பிறகும் குழந்தையாகவே நடத்துவது, தானாக எதையும் செய்ய விடாமல் தடுப்பது ஆகியவற்றை அவர் இதன் அடையாளங்களாக வகுத்தார். பாட்டின் தாயிடம் மூன்றும் உள்ளன. பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிக்காட், 'போதுமான அளவு நல்ல தாய்' என்ற கருத்தை 1953-ல் வெளியான கட்டுரையில் முன்வைத்தார். கைக்குழந்தையின் தேவைகளை முழுமையாக நிறைவேற்றும் தாய், அது வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்கிறாள். அந்த இடைவெளியில்தான் பிள்ளை உலகத்தைச் சந்திக்கப் பழகுகிறது. வாட்டர்ஸின் தாய் அந்த இடைவெளியைத்தான் செங்கல் வைத்து அடைக்கிறாள்.

அவளுடைய பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பாட்டு சொல்வதில்லை. அதைச் சுற்றியுள்ள பாடல்கள் சொல்கின்றன: அவள் கணவன் போரிலிருந்து திரும்பவில்லை. இதற்குப் பின்னால் வாட்டர்ஸின் சொந்த வாழ்க்கை உண்டு. அவர் பிறந்தது 1943 செப்டம்பரில். தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் இறந்தார். பள்ளி ஆசிரியையான தாய் மேரி, பிள்ளைகளைக் கேம்பிரிட்ஜில் வளர்த்தார். பாட்டுக்கும் தன் தாய்க்கும் தொடர்பு உண்டென்றாலும் மேடைக்காகவும் திரைப்படத்துக்காகவும் வரைந்த கார்ட்டூனில் வரும் தாய்போல அவர் இருந்ததில்லை என்று வாட்டர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டை வாழ்க்கைக் குறிப்பாகப் படிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 'தி வால்' கதையில் வரும் பெண்கள் எல்லோருமே ஆணைக் காயப்படுத்துகிறவர்கள் என்ற குறை நியாயமானதுதான். 'மதர்' அதிலிருந்து ஓரளவு தப்புவது இந்த விதவைத் தாயின் பயத்துக்கு ஒரு காரணம் இருப்பதால். குண்டு விழுமா என்று மகன் கேட்கும்போது, குண்டுக்குக் கணவனைக் கொடுத்தவளிடம் கேட்கிறான்.

அந்தக் கார்ட்டூனை வரைந்தவர் ஜெரால்ட் ஸ்கார்ஃப். 1980, 81 ஆண்டுகளின் மேடை நிகழ்ச்சிகளில் இசைக்குழுவுக்கும் ரசிகர்களுக்கும் நடுவே அட்டைச் செங்கற்களால் நிஜமாகவே ஒரு சுவர் எழும்பியது. ஸ்கார்ஃப் வரைந்த தாய் காற்றடைத்த பெரிய பொம்மையாக வந்து நின்றாள். ஆலன் பார்க்கர் இயக்கி 1982-ல் வந்த திரைப்படத்தின் கார்ட்டூன் பகுதியில், மகனை அணைக்கும் அவள் கைகளே செங்கல் சுவராக மாறிவிடுகின்றன. சிறகு, சுவர் என்ற இரண்டு உருவகங்களும் அங்கே ஒரே உடம்பில் இணைந்துவிட்டன.

பிறகு உருவகம் வீட்டைவிட்டு வெளியே வந்தது. பெர்லின் சுவர் விழுந்த மறு ஆண்டு, 1990 ஜூலை 21 அன்று, அது நின்றிருந்த பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் வெளியில் வாட்டர்ஸ் இந்தக் கதையை மீண்டும் மேடையேற்றியபோது 'மதர்' பாட்டைப் பாட வந்தவர் அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ'கானர். குடிமக்களைக் காப்பதற்காகவே கட்டியதாகக் கிழக்கு ஜெர்மனி அரசு சொல்லிவந்த சுவர் அது. 2010-ல் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்தில் இந்தப் பாட்டின்போது திரையில் ஒரு கண்காணிப்புக் கேமரா தெரிந்தது. அரசாங்கத்தை நம்பலாமா என்ற கேள்வி வந்ததும், வாய்ப்பே இல்லை என்ற பதில் வசைச்சொல்லோடு சுவரில் ஒளிர்ந்தது, அரங்கம் ஆர்ப்பரித்தது. தாயை அரசாக்கியதில் பாட்டுக்குக் கூர்மை கூடியது, நெருக்கம் கொஞ்சம் குறைந்தது. அரசின்மீது கோபப்படுவது எளிது.

இசைத்தட்டில் பாட்டு முடிவது இன்னொரு கேள்வியோடு. இவ்வளவு உயரம் தேவையா அம்மா என்று கேட்கிறான் மகன், சுவர் எழும்பிவிட்ட பிறகு. இந்த ஒரு கேள்விக்குத் தாய் பதில் சொல்வதில்லை. முதல் தட்டின் முதல் பக்கமும் அத்துடன் முடிகிறது. அன்று கேட்டவர்கள் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடவேண்டும். மறுபக்கம் தொடங்கும்போது ஒரு சின்னக் குழந்தையின் குரல். பாடியது அல்ல, பேசியது. வாட்டர்ஸின் மகன் ஹாரியின் குரல் அது. வானத்தில் ஒரு விமானம் போகிறது பார் என்று அந்தக் குழந்தை தன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறது. அடுத்து வரும் பாட்டு, குண்டுவீச்சைப் பற்றியது.