நெறி கட்டுவது ஏன்? மண்ணீரல் இல்லாமல் வாழ முடியுமா?

காலில் சின்னதாக ஒரு புண். இரண்டு நாளில் தொடை இடுக்கில் உருண்டையாக வீங்கி வலிக்கும். "நெறி கட்டியிருக்கு, அதான்" என்பார்கள் வீட்டில். புண் காலில், வீக்கம் மட்டும் ஏன் அங்கே? காரணம், உங்கள் உடலில் ஓடும் நிணநீர்.

நிணநீர் என்ன செய்கிறது?

ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து செல்களுக்கு இடையே சேரும். பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் தினமும் சுமார் 3 லிட்டர். அதுதான் நிணநீர். மெல்லிய குழாய்கள் அதைச் சேகரித்து, காறை எலும்புக்குப் பின்னால் மறுபடியும் ரத்தத்தில் விடுகின்றன. இதைத் தள்ள இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்கும்; நீங்கள் நடக்கும்போது கால் தசைகளும் அழுத்திக் கொடுக்கும்.

வழியில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள்தான் செக்போஸ்ட். புண்ணில் இருந்து வரும் கிருமிகளை அங்கே வெள்ளை அணுக்கள் மடக்கும். அந்தச் சண்டையில் கணு வீங்குவதைத்தான் நெறி என்கிறோம். கொசு மூலம் பரவும் யானைக்கால் புழுக்கள் குடியேறுவதும் இந்தக் குழாய்களில்தான். குழாய் பழுதானால் நீர் தேங்கி கால் வீங்குகிறது.

மண்ணீரலுக்கு என்ன வேலை?

இடது விலா எலும்புகளுக்கு அடியில், கைமுட்டி அளவில் இருக்கிறது மண்ணீரல். எடை சுமார் 150 கிராம். இதுவும் நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கணுக்கள் வடிகட்டுவது நிணநீரை, மண்ணீரல் வடிகட்டுவது ரத்தத்தை. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களை அகற்றும். நிமோனியா, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் சில பாக்டீரியாக்களையும் ரத்தத்திலேயே பிடித்துவிடும்.

அதை எடுத்துவிட்டால்?

பைக் விபத்தில் இடது விலாவில் பலமாக அடிபட்டால், வெளியே காயமே இல்லாமல் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசியலாம். காப்பாற்ற முடியாத நிலையில் டாக்டர்கள் அதை அகற்றுவார்கள். தலசீமியா போன்ற நோய்களிலும் சிலருக்கு எடுக்க வேண்டி வரும்.

அதற்குப் பிறகும் வாழலாம். கல்லீரல் சில வேலைகளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த பாக்டீரியாக்கள் ரத்தத்தில் புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் தடுப்பூசிகள் அவசியம். அவை எல்லாக் கிருமிகளையும் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மண்ணீரல் எடுத்திருந்தால், காய்ச்சல் வந்ததும் மாத்திரை போட்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதலில் "மண்ணீரல் எடுத்திருக்கு" என்று சொல்லுங்கள்.