வீட்டறையில் ஒரு நடிப்புத் தேர்வு

2019 ஆம் ஆண்டிலே, கனடா நாட்டின் மிசிசாகா நகரில் வாழ்ந்த பள்ளித் தோழியர் இருவர் தம் ஊர் நூலகத்தினுள் ஒரு கமெராவுடன் நுழைந்தனர். கமெரா அவ்விருவருள் ஒருவரின் தாயாருக்குரியது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றின் தலைமைப் பாத்திரத்துக்குத் தெற்காசிய வழிவந்த இளம்பெண் ஒருவர் வேண்டுமென எழுத்தாளர் மிண்டி கேலிங் பகிரங்க அழைப்பு விடுத்திருந்தார். நூலகத்திலே எடுத்த சிறு படம் அவ்வழைப்புக்கு விடையாகச் சென்றது. மேலும் நான்கு படங்கள் கேட்கப்பட்டன. அவற்றின் பின்னரே லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு நேரில் வருமாறு செய்தி கிடைத்தது. விண்ணப்பித்த ஏறக்குறைய 15,000 பேருள் தெரிவானவர் அப்போது 17 வயதினரான மைத்ரேயி ராமகிருஷ்ணன். இலங்கையிலிருந்து அகதிகளாய்ச் சென்று குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகள். 'நெவர் ஹாவ் ஐ எவர்' என்னும் அத்தொடர் 2020 முதல் 2023 வரை வெளியாயிற்று.

நடிகர் தாமே பதிந்து அனுப்பும் இத்தகைய படத்தைத் தேர்வுப்படம் என்று கூறலாம். முன்னாளில் நடிகரைப் படம்பிடித்துப் பார்ப்பது படப்பிடிப்பு நிலையங்களின் தனியுரிமையாய் இருந்தது. 1939 இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' படத்தின் நாயகியைத் தேடித் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் இரண்டாண்டுகளுக்கு மேற் செலவிட்டார். ஒப்பனைக்காரரும் ஒளியமைப்போரும் புடைசூழப் பல நடிகையரைப் படம்பிடித்துப் பார்த்த பின்னரே விவியன் லீ தெரிவானார். அக்கதவினுள் நுழைவதற்கே பிறிதொருவரின் பரிந்துரை தேவைப்பட்ட காலம் அது.

வீட்டிலே எடுக்கப்பட்ட தேர்வுப்படம் ஒன்று பெரும் படநிறுவனத்தின் மனத்தையே மாற்றிய வரலாறும் உண்டு. 'த கோட்ஃபாதர்' படத்தின் முதியவர் பாத்திரத்தை மார்லன் பிராண்டோவுக்குக் கொடுக்க நிறுவனத்தார் இசையவில்லை. இயக்குநர் பிரான்சிஸ் போர்ட் கொப்பொலா சிறு குழுவினருடன் பிராண்டோவின் இல்லத்துக்கே சென்றார். பிராண்டோ தலைமயிருக்குச் சப்பாத்து மை பூசினார். கன்னங்களுள் மென்காகிதத்தைத் திணித்துக்கொண்டார். நாற்பதுகளில் இருந்த அவர் பார்த்திருக்கும்போதே கிழவராயினார். அப்படத்தைக் கண்டபின் நிறுவனத்தாரின் மறுப்புத் தளர்ந்தது. எனினும் அவர் வீட்டுக்கு இயக்குநரே சென்றார் என்பதை மறத்தலாகாது. பெயரறியாத இளைஞன் வீட்டுக்கு எவரும் வருவதில்லை. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்று நேர்முகத் தேர்வுகளை நிறுத்தியபோதுதான், படத்தை எடுத்தனுப்புதல் பல நாடுகளிலே பொது வழக்காயிற்று.

இதற்கு வேண்டிய கருவிகள் பெரிதல்ல. கைத்தொலைபேசி ஒன்று, அதனை அசையாது நிறுத்த ஒரு முக்காலி, பகல் வெளிச்சம், அமைதியான அறை, உதவிக்கு ஒருவர். இவற்றைக் கையாளும் முறையிலேதான் பலர் தவறுகின்றனர். தொலைபேசியைக் கிடையாக வைத்து, மார்பின் நடுப்பகுதியிலிருந்து தலைக்குச் சற்று மேல்வரை தெரியுமாறு சட்டத்தை அமைத்தல் வழக்கம். கமெரா கண்மட்டத்தில் நிற்கவேண்டும். கையெட்டும் தூரத்தில் வைத்தால் மூக்குப் பெருத்துச் செவி சிறுத்துத் தோன்றும். ஐந்தாறு அடி விலகி நின்றால் முகம் தன் இயல்பான அளவைப் பெறும்.

யன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது பெருந்தவறு. பின்னாலுள்ள பேரொளிக்கு ஏற்பக் கமெரா தன்னைச் சரிசெய்துகொள்வதால் முகம் இருண்டுவிடும். யன்னலை நோக்கி நின்றால் அதே ஒளி செலவின்றி உதவும். பின்னே வெறுஞ்சுவரோ மடிப்பற்ற ஒருநிறத் துணியோ போதும். சுவரிலே தொங்கும் நாட்காட்டியும் திருமணப் படமும் பார்ப்பவரின் கண்ணை இழுப்பன. நெருங்கிய கோடுகள் கொண்ட ஆடை திரையில் அலைபாயும். ஆதலால் ஒருநிற ஆடை நன்று.

வானொலி நேயர்களுக்கு ஒலியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் ஒன்றைக் குறிப்பிடல் தகும். மங்கிய படத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர், விளங்காத பேச்சைப் பொறுப்பதில்லை. மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் சிறிது நேரம் நிறுத்திவைத்தல் வேண்டும். வெறுமையான அறை எதிரொலிக்கும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறையே பெரும்பாலும் நல்ல ஒலிப்பதிவுக் கூடமாகின்றது. தகரக் கூரையின் மேல் மழை பெய்யும் நாளில் இம்முயற்சியை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

இனி, உதவிக்கு நிற்பவரைப் பற்றிக் கூறவேண்டும். இவர் எதிர்வசனம் படிப்பவர். படத்தில் இவர் தோன்றுவதில்லை. குரல் மட்டும் கேட்கும். கமெராவை ஒட்டி அதன் பக்கத்திலே நின்று, மற்றைப் பாத்திரத்தின் வசனங்களைப் படிப்பார். நடிப்பவர் இவர் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். கமெராவையே நேரே நோக்கினால் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும். மிக விலகி நோக்கினால் கண்கள் மறைந்துவிடும். படிப்பவர் ஒலிவாங்கிக்கு அண்மையில் நிற்பதால், தம் குரலைத் தாழ்த்திக்கொள்ளாவிடின் அவர் குரலே நடிகரின் குரலை விழுங்கிவிடும். இதற்காக உணர்ச்சியற்றுப் படித்தலும் ஆகாது. மரத்தோடு பேசுபவன் எவ்வாறு கோபங்கொள்வான்?

தேர்வாளர் காண விரும்புவதும் இங்கேதான் உள்ளது. வசனத்தைச் சொல்லும் திறம் பலரிடம் உண்டு. பிறர் சொல்வதைக் கேட்கும்போது முகத்திலே எண்ணம் பிறப்பது சிலரிடமே உண்டு. 1982 இல் வெளிவந்த 'ஈ.ரி.' படத்துக்காக ஹென்றி தோமஸ் என்னும் சிறுவனைச் சோதித்த படம் இன்றும் காணக்கிடைக்கின்றது. அன்புக்குரிய வேற்றுக்கோள் உயிரை அதிகாரி ஒருவர் கொண்டுபோக வந்திருக்கிறார் என்பதே அவனுக்குக் கொடுக்கப்பட்ட சூழ்நிலை. அதிகாரியின் பேச்சு வெளியேயிருந்து வருகின்றது. கமெரா சிறுவனின் முகத்தை விட்டு அகலவில்லை. இறந்துபோன தன் நாயை நினைத்துக்கொண்டதாக அவன் பின்னாளிற் கூறினான். கேட்கக் கேட்க அவன் கண்கள் நிறைகின்றன. அவ்விடத்திலேயே இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் அவனைத் தெரிவுசெய்தார். அந்தப் படத்தில் அலங்காரமான பின்னணி எதுவுமில்லை.

பாடசாலை மேடையிலும் நாட்டுக்கூத்துக் களரியிலும் பயின்ற நம் இளைஞர்க்கு இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. பின்வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி குரலெடுத்தும் கைவீசியும் நடிக்கப் பழகியவர்கள் அவர்கள். அப்பயிற்சி வீணன்று, தெளிந்த உச்சரிப்பை அதுவே தருகின்றது. ஆயினும் கமெராவின் முன் பின்வரிசை என்பதே இல்லை. எதிரில் நிற்கும் ஒருவர்க்குச் சொல்லும் அளவே போதும்.

பெயர், உயரம், வசிக்கும் ஊர் முதலியவற்றைக் கேட்டிருந்தால், அப்போது மட்டும் கமெராவை நேரே பார்த்துச் சொல்லலாம். கேட்ட நீளம், கேட்ட பெயரிடும் முறை ஆகியவற்றை அப்படியே பின்பற்றல் வேண்டும். பத்து முறை எடுத்துப் பத்தையும் அனுப்புவது எவருக்கும் உதவாது.

இம்முறையில் நன்மை மட்டுமே உண்டென்று கொள்ளலாகாது. இடத்தையும் ஒளியையும் ஆளையும் நடிகரே தேடிக்கொள்ளவேண்டியிருப்பதால், முன்னர் தயாரிப்பாளர் தாங்கிய செலவு அவர் தோளில் ஏறிற்று. 2023 இல் அமெரிக்க நடிகர் சங்கத்தார் 118 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. அவ்வாண்டு உடன்பாட்டின்படி, வயதுவந்த நடிகருக்கு விடுமுறை நாட்கள் நீங்கலாகக் குறைந்தது 48 மணி நேர அவகாசம் கொடுத்தல் வேண்டும். முதற் தேர்வுக்கு எட்டுப் பக்கங்களுக்கு மேல் கேட்கலாகாது. சங்கமில்லாத ஊர்களில் இத்தகைய காப்பு இல்லை.

அதனினும் கொடிய இடர் வஞ்சகரால் வருவது. தேர்வுக்கெனப் பணம் கேட்பவனும், பாத்திரத்தின் பெயரால் ஆடை குறைத்த படம் கேட்பவனும் தேர்வாளர் அல்லர். ஒருமுறை அனுப்பிய படத்தை மீட்டெடுத்தல் அரிது. பதினெட்டு வயது நிரம்பாதவர் அனுப்பும் எந்தப் படமும் பெற்றோர் பார்த்த பின்னரே வீட்டை விட்டு வெளியேறல் வேண்டும். எதிர்வசனத்தைத் தாயோ தமையனோ படிப்பது இவ்வகையிலும் நன்மையே.

அனுப்பிய பின்னர் பெரும்பாலும் விடை வருவதில்லை. படத்தின் பிரதியொன்றைத் திகதியிட்டு வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து அதனைப் பார்ப்பவர், எதிரிலிருப்பவரைக் கேளாமல் தம் அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்த இடம் எதுவெனத் தாமே கண்டுகொள்வர்.