மனு யாருடையது?

முப்பது வருஷத்துக்கு முன்பு, திங்கட்கிழமைகளில் மதுரை கலெக்டர் அலுவலக வாசல். மேலூர்ப் பக்கத்திலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ நடக்க முடியாத தம்பியை அண்ணன் தூக்கிக்கொண்டு வருவார். மனு எழுதிக் கொடுக்கிறவர் அண்ணனிடம் விவரம் கேட்டு, ‘கருணை கூர்ந்து’ என்று முடித்துக் கொடுப்பார். உள்ளே போனால் அதிகாரியும் அண்ணனைப் பார்த்தே கேட்பார்: “இவனுக்கு என்ன வேணும்?” கைரேகை மட்டும்தான் தம்பியுடையது.

1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தது. ஏழு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்தது. சட்டம் வந்ததே பலருக்குத் தெரியாது. தங்களுக்காகத் தாங்களே பேசிய சிலர் அப்போதும் உண்டு. பார்வையிழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் மதுரையில் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் ஓர் உதாரணம்.

மனநோயாளிகள் நிலைமை படுமோசம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அங்கே கொண்டுவந்து விட்டது பெரும்பாலும் குடும்பங்கள்தான். பாசம் இல்லாமல் அல்ல, வேறு வழி தெரியாமல். ‘உனக்கு இங்கே இருக்கச் சம்மதமா?’ என்று கேட்கத் தோன்றாத காலம் அது. இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியைத் தடை செய்கிறது. நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக்கூடாது என்று வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. எழுதிவைத்த ஒருவரை உங்களுக்குத் தெரியுமா?

இன்றைய திங்கட்கிழமையில் தம்பி மூன்று சக்கர ஸ்கூட்டரில் தானே வருகிறார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 92ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனாலும் கவுன்ட்டரில் நிற்கும்போது சட்டப் புத்தகம் வாய் திறந்து பேசாது. தானே பேசப் பழக்கம் வேண்டும். ஒருவர் கிளார்க்காகவும் இன்னொருவர் மனுதாரராகவும் நடித்துப் பார்ப்பது நல்ல பாடம். “அம்மா, பையனுக்கு என்ன வேணும்?” என்று கிளார்க் கேட்டால், “சார், மனு என்னோடது, என்கிட்ட கேளுங்க” என்று குரல் உயராமல் சொல்லிப் பழக வேண்டும். கருணைக்குப் பதில் பிரிவு எண், தேதியிட்ட ரசீது, பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு, அதற்கு முப்பது நாள் கெடு. இவ்வளவும் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாடம் இன்னும் முன்னால் தொடங்குகிறது: எந்தச் சட்டை, டீயா காபியா, ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். இதில் தேறச் சிரமப்படுவது பிள்ளைகள் இல்லை, பெற்றோர்.

மதுரையைச் சேர்ந்த, பார்வையற்ற பூரண சுந்தரி குடிமைப் பணித் தேர்வில் 286ஆம் இடம் பெற்றபோது (முடிவு வந்தது 2020இல்) ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நம் பத்திரிகைகளுக்குச் சாதனையாளர் மேல் இருக்கும் ஆசை, ரேஷன் கடையில் சாய்தளம் கேட்டு மூன்றாம் முறை மனு கொடுப்பவர் மேல் இல்லை. ஊரை மாற்றுவது இரண்டாமவர்தான் என்பது என் கட்சி.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்தது. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர் என்றது அரசு. பெரிய காரியம். ஆனால் நாற்காலி கொடுத்தால் மட்டும் போதாது. வரவு செலவைப் படிக்கவும், தீர்மானம் கொண்டுவரவும், எதிர்ப்பைப் பதிவுசெய்யவும் கற்றுத்தர வேண்டும். காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரும், பார்வையற்றவருக்கு ஒலி வடிவில் கூட்டப்பொருளும் வேண்டும். மாவட்ட நிர்வாகங்கள் நியமன உத்தரவோடு பயிற்சித் தேதியையும் சேர்த்தே அனுப்பட்டும்.