மன்னவனூரில் மாசி, பங்குனிப் பருவமும் வீட்டுத் தோட்ட விதைப்பும்

பழனி மலையின் மேற்பகுதியிலுள்ள மன்னவனூர்ப் பிரதேசத்தில், மாசி, பங்குனி மாதங்களின் சீதோஷ்ண நிலையை நம்புவதற்கில்லை என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. நாலைந்து நாட்கள் வெயில் காய்ந்தவுடன், பனிக்காலம் கழிந்ததென எண்ணிப் பலர் புழக்கடையில் பீன்ஸ் விதையை ஊன்றிவிடுகின்றனர். பின்னர் ஓரிரவு உறைபனி விழுமாயின், முளைத்த செடிகள் மறுநாட் காலையில் கருகிக் கிடக்கும். செடியோடு, வீட்டில் சேமித்து வைத்திருந்த விதையும் போய்விடுகிறது.

கொடைக்கானலில் 1899-ம் ஆண்டு நிறுவப்பட்ட வான ஆராய்ச்சி நிலையம், ஏறக்குறைய 2,340 மீட்டர் உயரத்தில் குன்றின்மேல் அமைந்துள்ளது. அங்கே காணும் குளிரின் அளவைக் கொண்டு நம் தோட்டத்தின் நிலையை நிச்சயித்தல் சரியன்று. மேகமும் காற்றுமில்லாத இரவில் பூமியின் உஷ்ணம் ஆகாயத்தை நோக்கி வெளியேறுகிறது. நிலத்தையொட்டிக் குளிர்ந்த காற்று கனமுடையதாதலால், நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. ஆதலின் மேட்டு நிலத்தில் செடி தப்பிய அதே இரவில், ஓடையோரத் தோட்டத்துச் செடி மடிவதுண்டு.

இதனை அறிந்து பயிரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும், கோசு, காரட், பட்டாணி முதலியனவும் மிதமான உறைபனியைத் தாங்கும். அவற்றைத் தாழ்ந்த பாத்திகளில் இடலாம். பீன்ஸை மேட்டுப் பாத்தியில் மட்டும் ஊன்றுக. விதை முழுவதையும் ஒரே நாளில் இடாமல், மூன்று பங்காக்கிப் பத்து நாட்களுக்கு ஒரு பங்காக இடின், ஒரு பங்கு கெடினும் மற்றவை மிஞ்சும்.

மாலையில் வானம் தெளிந்து காற்று அடங்கினால், அன்றிரவு பனியை எதிர்பார்க்க வேண்டும். பகலிலேயே பாத்திக்கு நீர் பாய்ச்சுக. ஈரமண் உஷ்ணத்தை அதிகமாகச் சேமிக்கும். பொழுது சாயுமுன் குச்சிகளின்மேல் சாக்கையேனும் புல்லையேனும் செடியில் படாதவாறு பரப்பிக் காலையில் நீக்கிவிடுக. உருளைக்கிழங்கின் தழை கருகினாலும் உடனே பிடுங்கலாகாது. மண்ணுக்குள்ளிருந்து மறுபடியும் துளிர்ப்பதுண்டு.

கோடைமழை திடீரெனப் பெய்து விதையையும் மேல்மண்ணையும் அரித்துச் செல்லாதிருக்க, பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, நீர் வடியக் கால்வாய் விடுதல் அவசியம்.

கிராம அதிகாரிகள் ஊரின் தாழ்ந்த இடத்தில் குறைந்தபட்ச உஷ்ணமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் அளவைக் குறித்து வருவாராயின், சில ஆண்டுகளில் விதைப்புக்குத் தக்க நாளை நம் ஊர்க் கணக்கைக்கொண்டே நிதானிக்கலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரே இரவில் ஊர் முழுவதும் இழக்கும் விதையின் விலையை நோக்கச் சொற்பமே.