விடை மட்டும் போதுமா?

வீட்டுப் பாடத்திற்கு முழு விடையையும் எழுதிக் கொடுக்கலாமா? கூடவே கூடாது என்கின்றனர் கனவான்கள் சிலர். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தனி வாத்தியார் உண்டு. படித்த தகப்பன் உண்டு. செல்லூர்த் தறித் தொழிலாளியின் மகனுக்கு யார் உண்டு? மேலூர் வயலில் நாற்று நடுபவளின் மகளுக்கு யார் உண்டு? திருச்சி பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரைதான் தலைமுறைகளாக அவர்களுக்குத் துணை வாத்தியார்! அதை நாம் பழிக்க மாட்டோம்.

ஆனால், தோழர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கிய பின், பரீட்சைக் கேள்விகள் பாடத்தின் உள்ளிருந்தும் வருகின்றன. பார்த்து எழுதியே பழகிய நம் பிள்ளை திகைக்கிறான். கனவான் பிள்ளை முந்துகிறான்!

ஆகவே, விடையை மறைக்கவும் வேண்டாம். வெறுமனே கொடுக்கவும் வேண்டாம். வழியோடு கொடுப்போம். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவோம். அடுத்ததை அவனிடம் விடுவோம். 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அக்கம்பக்கத்தாரே மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும் என்று காட்டியது. நம்மால் முடியாதா?

படிப்பகத்தில் பத்திரிகை படிக்கும் தோழரே, பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் விடுவீர்!